சென்னை – சிங்கப்பூர்: தூரம் ஒன்று, நேரம் பல

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள வான்வழித் தூரம் சுமார் 2,920 கிலோமீட்டர். விமானிகள் பயன்படுத்தும் கடல்மைல் கணக்கில் ஏறக்குறைய 1,580. நடுவில் எங்கும் இறங்காமல் போகும் விமானம் இதைக் கடக்க அட்டவணைப்படி நாலேகால் முதல் நாலரை மணி நேரம் ஆகும். ஆனால் பயணச்சீட்டில் அச்சாகும் நேரங்களைப் பார்த்தால் கதை வேறு. இரவு 11.15-க்குச் சென்னையில் கிளம்பும் ஒரு விமானம் மறுநாள் காலை 6.15-க்குச் சிங்கப்பூர் சேர்வதாகப் போட்டிருக்கும். அங்கிருந்து இரவு 8.10-க்குக் கிளம்பும் விமானம் அதே இரவு 9.55-க்குச் சென்னையில் இறங்கிவிடும். கடிகாரத்தை மட்டும் நம்பினால் போவதற்கு 7 மணி நேரம், வருவதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம்.

தூரத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. அது பூமியின் வடிவம் தீர்மானித்தது. நேரம் அப்படியல்ல. காற்று, விமானத்தின் ரகம், ஓடுதளத்தின் நெரிசல், விமான நிறுவனத்தின் முன்ஜாக்கிரதை, இரண்டு அரசாங்கங்கள் கடிகாரத்தைப் பற்றி எடுத்த முடிவுகள் என்று பல கைகள் பட்டுத்தான் அது பயணச்சீட்டுக்கு வந்து சேர்கிறது.

முதலில் தூரம். உருண்டையான பூமியின் மேல் நேர்க்கோடு என்று ஒன்று கிடையாது. பூமியின் மையத்தையும் இரண்டு ஊர்களையும் சேர்த்து ஒரு வெட்டு வெட்டினால் மேற்பரப்பில் விழும் வளைகோடுதான் அந்த ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் போதும், பள்ளியில் படித்த சைன், கொசைன் கணக்கே தூரத்தைச் சொல்லிவிடும். மீனம்பாக்கம் வடக்கு 13 பாகை, கிழக்கு 80.2 பாகையில் இருக்கிறது. சாங்கி வடக்கு 1.4, கிழக்கு 104. இவற்றை வைத்துக் கணக்கிட்டால் பூமியின் மையத்தில் இரண்டு ஊர்களுக்கும் இடையிலான கோணம் 26.3 பாகை வருகிறது. ஒரு பாகைக்கு மேற்பரப்பில் சுமார் 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 2,924. பூமி துல்லியமான கோளம் அல்ல, துருவங்களில் கொஞ்சம் தட்டையானது. அந்தத் தட்டையைச் சேர்ப்பதா விடுவதா, விமான நிலையத்தின் எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது என்பதைப் பொறுத்து ஐந்து, பத்து கிலோமீட்டர் முன்பின்னாக ஆளுக்கொரு எண் சொல்வார்கள். எல்லாம் சரியே.

ஒரு பாகைக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை இந்தியாவில் தரையில் அளந்து பார்க்கும் பெரிய வேலை தொடங்கிய இடம் மீனம்பாக்கம் ஓடுதளத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணிக்கு அதுவே அஸ்திவாரம். பூமியின் வளைவு எவ்வளவு என்று கண்டுபிடிப்பதும் அந்த அளவையின் நோக்கங்களில் ஒன்று. வெயிலில் எஃகுச் சங்கிலி நீளும் என்பதால் வெப்பமானியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு முறையும் கணக்கைத் திருத்தினார்கள். அந்த ஒரே கோட்டை அளந்து முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. இன்று விமானம் அதே நீளத்தை ஒரு நிமிடத்துக்குள் தாண்டிவிடுகிறது.

உலக வரைபடத்தில் நீண்ட விமானப் பாதைகள் வில் போல வடக்கே வளைந்து தெரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தட்டையான தாளில் உருண்டையை விரித்துப் போடுவதால் வரும் தோற்றம் அது. துருவத்தை நெருங்க நெருங்க வளைவு கூடும். பூமத்திய ரேகைப் பக்கம் அநேகமாக இருக்காது. சென்னையும் சிங்கப்பூரும் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், தாளில் அடிக்கோல் வைத்து இழுத்த கோட்டுக்கும் பெருவட்டப் பாதைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அந்தக் கோடு எங்கெல்லாம் போகிறது என்று பார்ப்பது சுவாரசியமான விஷயம். சென்னையிலிருந்து கிழக்கு-தென்கிழக்காகக் கிளம்பி, சுமார் 1,500 கிலோமீட்டர் வங்கக் கடலைத் தவிர வேறொன்றையும் காணாது. பிறகு இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனைக்குச் சற்றுத் தெற்கே, கிரேட் நிக்கோபார் தீவை ஒட்டிக் கடக்கும். அடுத்து சுமத்ராவின் வடமுனையில் பண்டா ஆச்சேவுக்கு மேலே, வெ தீவுப் பக்கமாக மலாக்கா நீரிணைக்குள் நுழையும். மேடானை வலப்புறம் விட்டு, போர்ட் டிக்சன் அருகே மலேசியக் கரையேறி, ஜொகூர் வழியாகச் சிங்கப்பூரை அடையும். பூகோளத்தின் அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டும், கப்பல்கள் போகும் வழியும் கிட்டத்தட்ட இதுவே. சுமத்ராவுக்கும் மலேசியாவுக்கும் நடுவில் மலாக்கா நீரிணை இந்தக் கோட்டின் மேலேயே அமைந்திருப்பதால், சுற்றுவழி என்பது கப்பலுக்கும் இல்லை, விமானத்துக்கும் இல்லை.

ஆனால் எந்த விமானமும் பெருவட்டக் கோட்டின் மேலேயே அச்சுப் பிசகாமல் பறப்பதில்லை. வானத்திலும் சாலைகள் உண்டு. மலாக்கா நீரிணையை இந்தியாவோடு இணைக்கும் என்571 என்ற வான்வழியில் வாம்பி, மேகார், நிலாம், இகோகு என்று புள்ளிகள் வரிசையாக வரும். கடலுக்கு மேல் அடையாளம் எதுவும் இல்லாத, வெறும் அட்ச-தீர்க்கப் புள்ளிகள் இவை. உலகம் முழுவதும் இத்தகைய புள்ளிகளுக்கு ரோமன் எழுத்தில் ஐந்தெழுத்துப் பெயர் வைப்பது மரபு. வானொலியில் சொன்னால் குழப்பம் வராமல் ஒரே மூச்சில் உச்சரிக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை; பொருள் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. விமானம் புள்ளிக்குப் புள்ளி போவதால் கொஞ்சம் தூரம் கூடுகிறது. வங்கக் கடலின் பெரும்பகுதி சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பு. அதன்பின் கோலாலம்பூர், கடைசியில் சிங்கப்பூர். ஒரு மையம் விமானத்தை அடுத்த மையத்திடம் ஒப்படைப்பது இப்படியொரு புள்ளியின் மேல்தான் நடக்கும்.

உயரத்துக்கும் விதி உண்டு. கிழக்கு நோக்கிப் போகும் விமானங்களுக்கு 33,000, 35,000, 37,000 என ஒற்றைப்படை ஆயிரம் அடிகள். மேற்கு நோக்கி வருபவற்றுக்கு 34,000, 36,000, 38,000 என இரட்டைப்படை. சென்னையிலிருந்து போகும் விமானமும் சிங்கப்பூரிலிருந்து வரும் விமானமும் ஒரே வழியில் எதிரெதிரே வந்தாலும் நடுவில் குறைந்தது 1,000 அடி இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கண்ணில், எதிரே வரும் விமானம் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும். இரண்டின் வேகத்தையும் கூட்டினால் மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல்.

வேகமும் தரைமேல் போகும் நேரமும்

இந்த வழியில் ஓடுபவற்றில் சிறிய ரகமும் உண்டு, பெரிய ரகமும் உண்டு. ஏர்பஸ் ஏ320 போன்ற ஒற்றை இடைவழி விமானங்கள் ஒலியின் வேகத்தில் 0.78 மடங்கில் பறக்கும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற இரட்டை இடைவழி விமானங்கள் 0.85 மடங்கு. 35,000 அடி உயரத்தில் வெளியே மைனஸ் 50 பாகைக்கும் கீழே குளிர் என்பதால் ஒலியே அங்கே மெதுவாகப் போகும். அந்தக் கணக்கில் முதல் ரகத்தின் வேகம் மணிக்குச் சுமார் 835 கிலோமீட்டர், இரண்டாவது ரகம் சுமார் 905. 2,920 கிலோமீட்டரை வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு மூன்றரை மணி நேரம், மற்றதற்கு மூன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கீழே. வித்தியாசம் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பெரிய விமானத்தில் போனால் வெகு சீக்கிரம் போய்விடலாம் என்ற எண்ணம் இந்தத் தூரத்தில் எடுபடாது.

அப்படியானால் அட்டவணையில் நாலரை மணி நேரம் எப்படி வந்தது? ஒரு மணி நேரம் எங்கே போயிற்று?

அட்டவணையில் உள்ளது பறக்கும் நேரம் அல்ல. விமானம் சென்னையில் நின்ற இடத்தைவிட்டு நகரத் தொடங்கும் கணத்திலிருந்து சிங்கப்பூரில் நிற்கும் இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் கணம் வரை உள்ளது. இதை விமானத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். இழுவை வண்டி விமானத்தைப் பின்னால் தள்ளிவிட வேண்டும். என்ஜின்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற வேண்டும். ஓடுதள முனை வரை உருண்டுபோக வேண்டும். அங்கே முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும் வரை காத்திருக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு மேல் சென்னையில் பன்னாட்டு விமானங்கள் நெருக்கமாகக் கிளம்பும் நேரம் என்பதால் இதற்கே இருபது நிமிடம் போவது சாதாரணம். சென்னையின் முதன்மை ஓடுதளம் 3,658 மீட்டர் நீளமானது. அதன் முனைகளில் 07, 25 என்று எண்கள் எழுதியிருக்கும். திசைகாட்டியில் 70, 250 பாகைகளை நோக்கி இருப்பதன் குறி அது. விமானம் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே மேலெழும். கடற்காற்று அடிக்கும்போது 07 பக்கமாக ஓடி நேரே கடலுக்கு மேல் போய்விடலாம், சிங்கப்பூர்த் திசைக்கு அது வசதி. மேல்காற்று அடிக்கும் நாட்களில் 25 பக்கமாக மேற்கே ஏறி, நகரத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்ப வேண்டும். சில நிமிடங்கள் அதிலும் போகும்.

மேலே ஏறுவதற்குச் சுமார் அரை மணி, இறங்குவதற்கு ஏறக்குறைய அதே அளவு. இந்த நேரத்தில் வேகம் முழு வேகம் அல்ல. 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான விதி. சாங்கி உலகின் நெரிசல் மிகுந்த விமான நிலையங்களில் ஒன்று. காலை வேளையில் ஐரோப்பா, ஆஸ்திரேலியா, இந்தியா என்று பல திசைகளிலிருந்தும் விமானங்கள் ஒரே நேரத்தில் வந்து குவியும்போது, ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்துவதற்காகச் சிலவற்றை வானத்திலேயே வட்டமடிக்க வைப்பார்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் மலாக்கா நீரிணையில் உருவாகி விடியற்காலையில் சிங்கப்பூரைத் தாக்கும் சுமத்ரா புயல்மழை வரிசையும் இதோடு சேர்ந்துகொண்டால் வட்டமடிப்பது கட்டாயம். விமானத்தில் எரிபொருள் நிரப்பும்போதே இதற்கெல்லாம் இடம் வைத்திருப்பார்கள். சாங்கியில் இறங்க முடியாமல் போனால் ஜொகூர் செனாய், பாத்தாம், கோலாலம்பூர் என்று மாற்று நிலையம் ஒன்றுக்குப் போக வேண்டிய எரிபொருளும், அதற்கு மேல் அரை மணி நேரம் பறக்க வேண்டிய இருப்பும் கட்டாயம் இருக்கும்.

ஏற்றமும் இறக்கமும் சேர்த்தே, சக்கரம் தரையைவிட்டு எழுந்த நேரத்திலிருந்து மீண்டும் தொட்ட நேரம் வரை பெரும்பாலும் மூன்றே முக்கால் மணி நேரத்தை ஒட்டியே வரும். மீதியில் ஒரு பகுதி மேலே சொன்ன உருளல். இன்னொரு பகுதியைப் பயணிகளிடம் யாரும் சொல்வதில்லை: விமான நிறுவனங்கள் தாமே கூட்டி வைத்துக்கொள்ளும் உபரி நிமிடங்கள். குறித்த நேரத்திலிருந்து கால் மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் சரியான நேரத்துக்கு வந்த விமானம் என்பது துறையின் வழக்கமான கணக்கு. உபரியைத் தாராளமாக வைத்தால் அந்தப் பட்டியலில் பெயர் நன்றாக இருக்கும். இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்குச் சிங்கப்பூரில் இறங்கினால், விமானி வேகமாக ஓட்டி ஈடுகட்டிவிட்டார் என்று பயணிகள் பேசிக்கொள்வார்கள். உண்மையில் 0.78 மடங்கை 0.80 ஆக்கினாலும் மூன்றரை மணி நேரப் பயணத்தில் ஐந்து நிமிடம்தான் மிச்சமாகும். அதற்கு எரியும் கூடுதல் எரிபொருள் நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. ஈடுகட்டியது அட்டவணையிலிருந்த உபரி.

காற்றின் கணக்கு

கிழக்கே போகும் விமானம் சீக்கிரம் போகும், மேற்கே வரும் விமானம் தாமதமாக வரும் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. ஆசியாவின் வடபகுதிக்கு அது பொருந்தும். டெல்லியிலிருந்து டோக்கியோ போகும் விமானம் ஏழரை மணி நேரத்தில் போய்விடும். திரும்பி வருவதற்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். குளிர்காலத்தில் இமயமலைக்கும் ஜப்பானுக்கும் மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்றோடைதான் காரணம். முதலில் முதுகில் கைவைத்துத் தள்ளும் அதே காற்று, திரும்பும்போது எதிரே வந்து மறிக்கும்.

சென்னை – சிங்கப்பூர் வழியில் இந்த விதி செல்லாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அது தலைகீழாகவே மாறிவிடுகிறது. கோடையில் திபெத்திய மேட்டுநிலம் சூடேறி, அதற்கு மேலுள்ள காற்றுமண்டலம் பூமத்திய ரேகைக்கு மேலுள்ளதைவிட வெப்பமாகிவிடும். இந்த வேறுபாடு தென்னிந்தியாவுக்கு மேலே, ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையிலேயே, கிழக்கிலிருந்து மேற்காகப் பாயும் ஒரு காற்றோடையை உண்டாக்குகிறது. வெப்பமண்டலக் கீழைக் காற்றோடை என்று இதற்குப் பெயர். இந்திய வானிலையாளர் பி. கோட்டேஸ்வரம் 1958-இல் இதைப் பற்றி விரிவாக எழுதி உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். தரையில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருக்க, தலைக்கு மேலே 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேர் எதிராக ஓடும். பயணிகள் விமானங்கள் 10 முதல் 12 கிலோமீட்டரில் பறப்பதால் அதன் நடுமையத்தைத் தொடுவதில்லை. அடிப்பகுதிதான் அவற்றின் மேல் படும். அதுவே போதுமானது.

எதிர்க்காற்று சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 840 கிலோமீட்டர் வேகமுள்ள விமானம் சிங்கப்பூர் போகும்போது தரையின் கணக்கில் 780-இல்தான் நகரும். 2,920 கிலோமீட்டருக்கு மூன்றே முக்கால் மணி நேரம். திரும்பும்போது அதே காற்று பின்னிருந்து தள்ள, 900 ஆகிவிடும். மூன்றேகால் மணி நேரம். அரை மணி நேர வித்தியாசம். காற்றே இல்லாத நாளில் ஒவ்வொரு பயணமும் 3 மணி 29 நிமிடம் என்பதால், போகும்போது 16 நிமிடம் நஷ்டம், வரும்போது 14 நிமிடம் லாபம். காற்று எவ்வளவு வலுத்தாலும் போய்வரும் மொத்தக் கணக்கில் கொடுத்ததைவிட எடுத்தது கூடுதலாகவே இருக்கும். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருக்கிறது, பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறது என்பதே இதன் ரகசியம். அட்டவணையில் சிங்கப்பூர் போகும் நேரம் வரும் நேரத்தைவிடச் சற்று நீளமாக இருப்பதற்கு இந்தக் கீழைக் காற்றும் ஒரு காரணம். குளிர்காலத்தில் மேலைக் காற்றோடை வட இந்தியாவுக்கு மேல் போய்விடும். அப்போது இந்த வழியில் காற்று பெரும்பாலும் சாது.

காற்றைத் தவிர மேகமும் உண்டு. பூமத்திய ரேகையை ஒட்டிய கடலில் இடிமேகங்கள் விமானம் பறக்கும் உயரத்தையும் தாண்டி 15 கிலோமீட்டருக்கு மேல் வளரும். மேலே ஏறித் தாண்ட முடியாது. பக்கவாட்டில் விலகித்தான் போக வேண்டும். விமானத்தின் மூக்கில் உள்ள ரேடாரில் சிவப்பாகத் தெரியும் திட்டுகளைச் சுற்றி 20, 30 கிலோமீட்டர் ஒதுங்கிப்போவது அன்றாட வழக்கம். நடு வங்கக் கடலில் இருக்கை வார் விளக்கு எரிவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இரண்டரை மணி நேரம் எங்கிருந்து வந்தது

இனி கடிகாரம். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சென்னையில் கிளம்பும் நேரத்தோடு பயண நேரத்தையும் இந்த இரண்டரையையும் கூட்டினால் சிங்கப்பூரில் இறங்கும் நேரம். திரும்பும்போது பயண நேரத்தைக் கூட்டி இரண்டரையைக் கழிக்க வேண்டும். பயணச்சீட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான் அச்சாகும்.

சூரியனின் கணக்கில் வித்தியாசம் இரண்டரை மணி நேரம் இல்லை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். இரண்டு ஊர்களுக்கும் இடையே தீர்க்கரேகையில் 23.8 பாகை, ஆக உண்மையான வித்தியாசம் சுமார் 95 நிமிடம். மீதி 55 நிமிடத்தைச் சேர்த்தது மனிதர்களின் முடிவு. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவதால் சென்னையின் கடிகாரம் அதன் சூரியனைவிட 9 நிமிடம் மட்டுமே முந்தி ஓடுகிறது. இந்திய நேரம் வருவதற்கு முன்பு இந்தியாவின் ரயில்களே மெட்ராஸ் வானாய்வகத்தின் நேரப்படி, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால், ஓடிக்கொண்டிருந்தன.

சிங்கப்பூரின் கடிகாரம் பல கைகளுக்கு மாறியது. 1905-இல் கிரீன்விச்சைவிட 7 மணி நேரம் முன்னால் என்று வைத்தார்கள். 1933-இல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941-இல் அது ஏழரை ஆயிற்று. 1942-இல் ஜப்பானியர் தீவைப் பிடித்ததும் டோக்கியோ நேரத்துக்கு, அதாவது 9 மணி நேரத்துக்குத் தாவியது. போர் முடிந்ததும் மீண்டும் ஏழரை. தீபகற்ப மலேசியாவும் ஏழரையில் இருக்க, சபா, சரவாக் மாநிலங்கள் எட்டில் இருந்தன. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று மலேசியா முடிவெடுத்து எட்டுக்கு மாறியபோது, அன்றாடப் போக்குவரத்தும் வணிகமும் பின்னிக்கிடந்த சிங்கப்பூரும் கூடவே மாறிக்கொண்டது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்கே 1982 பிறந்துவிட்டது. அதுவரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். இன்று சிங்கப்பூரில் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. வருடம் முழுவதும் அங்கே ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது; பள்ளிப் பிள்ளைகள் இருட்டிலேயே பேருந்துக்கு நிற்கிறார்கள்.

இரவு விமானத்தில் போகிறவருக்கு இதன் பலன் உடம்பில் தெரியும். சிங்கப்பூரில் காலை 6.15 என்றால் அவர் உடம்புக்கு இன்னும் விடியற்காலை 3.45. சாப்பாடு, விளக்கு, அறிவிப்பு எல்லாம் போக இரண்டு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் அதிகம். அன்று காலையிலேயே முக்கியமான வேலை வைத்துக்கொள்வது நல்லதல்ல. பகல் விமானம் இதைவிட எவ்வளவோ மேல்.

கப்பலிலிருந்து விமானத்துக்கு

இதே கோட்டின் மேல் ஒரு காலத்தில் பயணம் ஒரு வாரம் நீண்டது. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், மெட்ராஸில் கிளம்பி நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகங்களைத் தொட்டு சிங்கப்பூர் போய்வந்தது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன தமிழர்களில் பல தலைமுறையினர் அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள். 1970-களில் அதன் இடத்துக்கு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் ஏற்பட்ட தீவிபத்தோடு அந்தப் பயணிகள் சேவையும் நின்றுபோனது. அதற்கு வெகு முன்பே, 1954-இல், ஏர் இந்தியா இன்டர்நேஷனல் சிங்கப்பூருக்கு விமானம் விட்டிருந்தது. அந்நாளைய விமானங்கள் இறங்கியது சாங்கியில் அல்ல. 1937-இல் திறந்த கல்லாங், 1955-இல் திறந்த பாய லேபார் ஆகியவற்றுக்குப் பிறகு 1981-இல்தான் சாங்கி திறக்கப்பட்டது.

திருச்சியிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன. வரைபடத்தைப் பார்ப்பவர் தெற்கே இருக்கும் திருச்சிதான் பக்கம் என்று நினைக்கக்கூடும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. திருச்சி தெற்கே இருந்தாலும் மேற்கேயும் தள்ளி இருப்பதால் அங்கிருந்து சுமார் 2,980 கிலோமீட்டர், சென்னையைவிட 60 கிலோமீட்டர் கூடுதல். பறக்கும் நேரத்தில் அது நாலைந்து நிமிடத்துக்கு மேல் வராது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைக்காரர் சென்னைக்கு வந்து ஏறுவதற்கு ஐந்தாறு மணி நேரம் சாலையில் செலவழிப்பதோடு ஒப்பிட்டால் இந்த 60 கிலோமீட்டர் ஒரு பொருட்டே அல்ல.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் பறக்கும் நேரம் மொத்தப் பயணத்தில் பாதிகூட இருக்காது. பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். பெட்டி ஒப்படைக்கும் கவுண்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டியது இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். அதைக் கவுண்டர் வரிசையில் நின்றுகொண்டு கைப்பேசியில் நிரப்புபவர்களால் பின்னால் நிற்பவர்களுக்கும் தாமதம்.

பணம் மிச்சம் என்று இடையில் இறங்கி மாறும் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் தூரத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொழும்பு வழியாகப் போனால் மொத்தம் சுமார் 3,400 கிலோமீட்டர். பாங்காக் வழியாக 3,600-க்கு மேல். கோலாலம்பூர் வழியாகப் போனால் 2,628-உம் 296-உம் சேர்ந்து 2,924. நேர்வழியைவிட ஒரு கிலோமீட்டர்கூட அதிகமில்லை என்றே சொல்லலாம், ஏனெனில் அந்த நகரத்தின் விமான நிலையம் கிட்டத்தட்ட கோட்டின் மேலேயே இருக்கிறது. ஆனாலும் ஒரு முறை கூடுதலாக இறங்கி, காத்திருந்து, ஏறும்போது நாலரை மணி நேரப் பயணம் ஏழு, எட்டு மணி நேரமாகிவிடும். சீட்டு எடுக்கும்போது கிளம்பும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கழித்துப் பார்த்து ஏமாற வேண்டாம். ‘மொத்தப் பயண நேரம்’ என்று தனியாகப் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து முடிவு செய்வதே சரி. திரும்பும் விமானம் நள்ளிரவை ஒட்டிச் சென்னையில் இறங்குவதாக இருந்தால், அழைத்துப்போக வருபவரிடம் நேரத்தோடு தேதியையும் சொல்லிவிட வேண்டும்.